சொன்ன பேச்சைக் கேட்பது: கிறிஸ்தவ வாழ்வில் கீழ்ப்படிதல், தொடங்குவோருக்கு

ஒரு பிள்ளையைப் புகழ வேண்டுமென்றால் நம் வீடுகளில் "சொன்ன பேச்சைக் கேட்கும்" என்போம். அதற்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று யாரும் பொருள் எடுப்பதில்லை. சொன்னதைச் செய்யும் பிள்ளை என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். "எத்தனை தடவ சொன்னாலும் கேக்கவே மாட்டேங்குறான்" என்று ஒரு தாய் அலுத்துக்கொண்டால், அவள் மகனைக் காது டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி யாரும் யோசனை சொல்வதில்லை. கேட்பதும் செய்வதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

வேதாகமம் எழுதப்பட்ட மொழிகளிலும் அப்படித்தான். எபிரெயத்தில் 'ஷெமா' என்றால் 'கேள்'. உபாகமம் 6:4 இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. கீழ்ப்படி என்று சொல்ல வேண்டிய இடத்திலும் எபிரெயம் பெரும்பாலும் இதே வினையைத்தான் எடுக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் 'கேள்' என்ற வினையிலிருந்தே பிறந்தது. அதற்கு முன்னால் 'கீழே' என்ற பொருள் தரும் ஒட்டு சேர்ந்திருக்கிறது. தாழ்ந்து காதுகொடுப்பது என்று சொல்லலாம். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 சாமுவேல் 15:22 இப்படி இருக்கிறது: "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." கீழ்ப்படிதலுக்கு இணையாக வைத்த சொல் செவிகொடுத்தல். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் நம் ஊர்களின் சரித்திரத்திலிருந்து வருகிறது. மலேசியாவில் தெலுக் இந்தான், பீடோர், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் நம் பாட்டன் பூட்டன் கீழ்ப்படிதலை, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில்தான் படித்தார்கள். விடியுமுன் வரிசையில் நின்று, கணக்கு எழுதுகிற கிராணி பேர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, வேலை வாங்குகிற கங்காணி காட்டிய மர நிரைக்குப் போய், துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிய தலைமுறை அது. அங்கே கீழ்ப்படிதலுக்கு இன்னொரு பெயர் பயம். பேர் வெட்டிவிட்டால் அன்றைய கூலி போச்சு. அந்த நினைவு மூன்று தலைமுறை தாண்டியும் நமக்குள் உட்கார்ந்திருக்கிறது. கோயிலில் 'கீழ்ப்படியுங்கள்' என்று கேட்டதும், வானத்தில் ஒரு பெரிய துரை கையில் செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தோடு நிற்பதுபோல மனம் படம் போட்டுவிடுகிறது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் நெடுநாள் கீழ்ப்படிய முடியாது. பயந்து சில மாதம் ஓடும், பிறகு கசந்துவிடும்.

முதலில் விடுதலை, அப்புறம்தான் கட்டளை

பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லும் பலர் முதல் வரியை விட்டுவிடுகிறார்கள். யாத்திராகமம் 20 'கொலை செய்யாதே' என்று தொடங்கவில்லை. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்று தொடங்குகிறது. செங்கல் அறுத்துக்கொண்டிருந்த கூலிகளை ஆண்டவர் முதலில் வெளியே கொண்டுவந்தார். கடலைக் கடக்க வைத்தார், மன்னா கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் சீனாய் மலையும் கட்டளைகளும். "இந்தப் பத்தையும் ஒழுங்காகச் செய், பிறகு விடுவிக்கிறேன்" என்று எகிப்தில் வைத்து அவர் பேரம் பேசவில்லை.

பவுலும் இதே வரிசையைத்தான் எபேசியர் 2:8-10இல் வைக்கிறார். கிருபையினாலே இரட்சிப்பு, அதன்பின் நற்கிரியைகள். யோவான் 14:15இல் இயேசு, "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்கிறார். அன்பு முன்னால் நிற்கிறது. இப்படிச் சொல்கிறவரும் மேலே உட்கார்ந்து உத்தரவு போட்டவர் இல்லை. சிலுவையின் மரணபரியந்தமும் தாமே கீழ்ப்படிந்தவர் (பிலிப்பியர் 2:8).

வரிசை மாறினால் என்ன ஆகும்? கீழ்ப்படிதல் நேர்த்திக்கடனாகிவிடும். "நான் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன், மகனுக்கு எஸ்பிஎம் பரீட்சை முடிவு நன்றாக வர வேண்டும்" என்று கணக்கு ஓடும். முடிவு சரியாக வராதபோது ஆண்டவர் பாக்கி வைத்ததுபோலக் கோபம் வரும். தோட்டப்புறச் சபைகளில் விசுவாசம் ஆறிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே நாங்கள் நினைக்கிறோம். அவர்கள் பாவத்தில் விழுந்து ஆறிப்போனவர்கள் இல்லை. கணக்கு ஒத்துவராமல் ஆறிப்போனவர்கள்.

பத்துக் குழி

இனி அன்றாட வேலைக்கு வருவோம். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, குலை எப்போது பழுத்தது என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதிப்படி, ஆலையில் பார்க்கும்போது குலையில் குறைந்தது பத்துப் பழங்கள் உதிர்ந்த புதுக்குழி இருந்தால் அது பழுத்த குலை. பத்துக்குக் குறைந்தால் அரைப்பழம். ஒன்றுகூட உதிரவில்லை என்றால் காய். காய்க்குலையில் எண்ணெய் குறைவு. ஆனால் தராசில் வைத்தால் எடை இருக்கும். ஆபத்து அங்கேதான். டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் மத்தியானத்துக்குள் எடையைக் கூட்ட நினைத்தால், பத்து நாள் கழித்து வெட்ட வேண்டிய குலையை இன்றைக்கே இறக்கி, நல்ல குலைகளுக்கு அடியில் தள்ளிவிடலாம். மேற்பார்க்கிற மண்டோர் நிற்கிற நிரையில் ஒருவிதமாகவும், அவர் மோட்டார் சத்தம் தூரப் போன பிறகு வேறுவிதமாகவும் வெட்டலாம். உதிர்ந்த பழத்தைக் குனிந்து பொறுக்காமல் மட்டையை இழுத்து மூடிவிடலாம். குலைக்காம்பை நீளமாக விட்டு எடை ஏற்றலாம்.

எபேசியர் 6:6 இதற்குச் சரியான பெயர் வைத்திருக்கிறது: பார்வைக்கு ஊழியம். ஆள் பார்க்கும்போது மட்டும் செய்கிற வேலை. பவுல் அதை எழுதியது அடிமைகளுக்கு என்பதை மறக்கக் கூடாது. அவர்களுடைய எஜமான்கள் நல்லவர்கள் என்று அவர் சொல்லவில்லை. இந்த வேலையை வாங்கிக்கொள்கிறவர் கிறிஸ்து என்கிறார். அதே மூச்சில் எஜமான்களைப் பார்த்து, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் ஒருவர் இருக்கிறார், பயமுறுத்தலை விட்டுவிடுங்கள் என்று எச்சரிக்கிறார் (6:9).

ஆகவே ஒரு கிறிஸ்தவப் பழம் வெட்டுகிறவருடைய கீழ்ப்படிதல் என்பது, யாரும் இல்லாத நிரையில், கழுத்து வலிக்க மேலே பார்த்து, கீழே எத்தனை பழம் உதிர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, உதிராத குலையை அடுத்த சுற்றுக்கு விட்டுவிட்டு நகர்வது. அதில் பாட்டு இல்லை, சாட்சி இல்லை, கைதட்டல் இல்லை. அன்றைய கூலியில் சில வெள்ளி (ரிங்கிட்) குறையலாம். ஆனால் அது ஆராதனைதான். இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் கீழ்ப்படிதலை ஊழிய அழைப்பு, மிஷனரிப் பயணம், பெரிய தியாகம் என்றே யோசிக்கிறோம். வேதாகமம் அதைத் தராசில் தேடுகிறது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" (நீதிமொழிகள் 11:1). இது இரும்புக் கடைக்கும், காய்கறிக் கடைக்கும், கித்தா எனும் ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலக்கிற வாளிக்கும் பொருந்தும்.

கூலி கொடுக்கிற பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்று நம்மவர்களிலேயே சிலர் சின்னக் குத்தகைக்காரர்கள். இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்த நாலைந்து பேரை வைத்து வேலை வாங்குகிறார்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கச் சொல்கிறது. லேவியராகமம் 19:13 கூலி விடியற்காலம் வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது. அன்றாடம் கூலி வாங்கித் தின்கிறவனை மனதில் வைத்துச் சொன்னது அது. ஏழாம் நாளையும் தாண்டி இழுத்தடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தசமபாக உறையில் அந்தப் பணத்தைப் போடுகிறவர், தீர்க்கதரிசி சாமுவேல் சவுல் ராஜாவிடம் கேட்ட கேள்வியை, கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் பலிகள் கர்த்தருக்குப் பிரியமாயிருக்குமோ என்பதை, தானும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சவுல் செய்தது என்ன

1 சாமுவேல் 15 முழுவதையும் ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள், 35 வசனம்தான். அமலேக்கியரையும் அவர்கள் ஆடுமாடுகளையும் ஒன்றும் விடாமல் அழிக்க வேண்டும் என்பது கட்டளை. சவுல் அந்தக் கட்டளையை மறுக்கவில்லை. போருக்குப் போனான், ஜெயித்தான், பெரும்பகுதியைச் செய்தான். தரமான ஆடுமாடுகளையும் அமலேக்கியரின் ராஜாவையும் மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டான். "கர்த்தருக்குப் பலியிடத்தான்" என்று காரணமும் சொன்னான். நடுவில் தனக்கு ஒரு ஞாபகத் தூணும் நாட்டிக்கொண்டான் (15:12). கடைசியில், 24ஆம் வசனத்தில், உண்மைக் காரணம் வெளியே வருகிறது: ஜனங்களுக்குப் பயந்தேன்.

கீழ்ப்படிதல் கெட்டுப்போகிற விதம் பெரும்பாலும் இதுதான். முழுசாக மறுக்கிறவர்கள் குறைவு. தொண்ணூறு பங்கு செய்துவிட்டு, நமக்குப் பிடித்த பத்துப் பங்கை வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு பக்திக் காரணத்தைப் பூசுவோம். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர் "அடிச்சா கோயில் கூரைக்குக் கொடுப்பேன்" என்பார். குலுக்கு வாரத்தில் புதன், சனி, ஞாயிறு. கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். காரணத்தில் தேவனுடைய பெயர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

இரண்டாவது பிழை தள்ளிப்போடுவது. மத்தேயு 21:28இல் தகப்பன் சொல்கிற வாக்கியம் தோட்டத்துக்காரர்களுக்கு நேராகவே புரியும்: "மகனே, நீ போய் இன்றைக்கு என் திராட்சத்தோட்டத்தில் வேலைசெய்." ஒருவன் மாட்டேன் என்றான், பின்பு மனம் மாறிப் போனான். மற்றவன் "போகிறேன் ஐயா" என்று மரியாதையாகச் சொன்னான், போகவில்லை. நம் சபைகளில் "ஆமென்" சொல்லும் குரல் பெரியது. இந்த உவமையில் மதிப்பெண் குரலுக்கு இல்லை. அதில் 'இன்றைக்கு' என்ற சொல்லைக் கோடிட்டு வையுங்கள்.

தொடங்குவது எப்படி

ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம். அதற்கு மேல் எடுக்காதீர்கள். புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர் உற்சாகத்தில் பத்துத் தீர்மானம் எடுத்து, இரண்டாம் வாரத்தில் பத்தையும் விட்டுவிட்டுக் குற்ற உணர்வில் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவதுண்டு.

நற்செய்தி நூல்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 5 முதல் 7 வரை தொடங்க நல்ல இடம். ஒரு தடவைக்குப் பத்து வசனம் போதும்; சத்தமாக, இரண்டு முறை. முதல் முறை என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது முறை, இதில் நான் செய்ய வேண்டியது ஏதாவது சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பகுதியிலும் கட்டளை இருக்காது. இல்லையென்றால் வலிந்து தேட வேண்டாம். அன்றைக்கு நன்றி சொல்லி எழுந்துவிடலாம். வேறொருவருக்கு, வேறொரு காலத்தில் சொன்ன கட்டளையைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஆபிரகாமிடம் மகனைப் பலியாகக் கேட்டது ஆபிரகாமுக்கு.

செய்ய வேண்டியது கண்ணில் பட்டால் எழுதி வையுங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுகிற அந்தச் சின்ன 555 நோட்டு போதும், சட்டைப்பையில் கிடக்கும். எழுதும்போது ஆள், நேரம், அளவு மூன்றும் இருக்க வேண்டும். 'எல்லாரிடமும் அன்பாக இருப்பேன்' என்பதை யாராலும் செய்ய முடியாது. செய்தோமா என்று பார்க்கவும் முடியாது. 'இன்று ஆறு மணிக்கு அண்ணனுக்குப் போன் போட்டு, அப்பா நிலத்து விஷயத்தில் நான் பேசிய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்பேன்' என்பதைச் செய்யலாம். இப்படி எழுதும்போது கை தயங்கும். தயங்குகிற இடம்தான் பெரும்பாலும் சரியான இடம்.

பொழுது சாயுமுன் செய்துவிடுங்கள். இரவு படுக்குமுன் நோட்டைத் திறந்து, செய்தது என்றால் ஒரு கோடு. செய்யவில்லை என்றால் ஏன் என்று ஒரே வரி: மறந்தேன், பயந்தேன், அவர் வீட்டில் இல்லை, மனசில்லை. இந்த நான்கு பதிலுக்கும் நான்கு மருந்து. மறந்தால் போனில் அலாரம். ஆள் இல்லையென்றால் நாளை. பயந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள், முடிந்தால் கூட வரச் சொல்லுங்கள். மனசில்லை என்றால் அதை ஒளிக்காமல் அப்படியே ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். "எனக்கு மன்னிக்க மனசில்லை, மனசு தாரும்" என்பதும் நேர்மையான ஜெபம்தான்.

ஒரு மாதம் இப்படிச் செய்தால் முப்பது வரி வரை இருக்கும். பாதிக்கு மேல் கோடு விழாமல் இருக்கலாம். அதைப் பார்த்து வெட்கப்பட்டு நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் காரணம் அதிகம் திரும்பி வருகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

எதற்காக இவ்வளவு சின்னதாக என்று கேட்கலாம். தெலுக் இந்தான் கடிகாரக் கோபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1885இல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி போலத் தெரியும். உள்ளே இருப்பது மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம், கீழே இளகிய மண், கோபுரம் சாய்ந்துவிட்டது. லூக்கா 6:48இல், கேட்டுச் செய்கிறவனை வீடு கட்டுகிறவனுக்கு ஒப்பிட்டு இயேசு சொல்லும்போது "ஆழமாய்த் தோண்டி" என்கிறார். அந்தத் தோண்டல் மண்ணுக்கு அடியில் நடக்கிற வேலை. ஒரு நாள் ஒரு காரியம் என்பது மண்வெட்டியின் ஒரு கொத்து.

யாருக்குக் கீழ்ப்படிவது

இதில் தெளிவு இல்லாமல் நிறையப் பேர் காயப்பட்டிருக்கிறார்கள். பெற்றோர், முதலாளி, போதகர், அரசாங்கம் ஆகிய எல்லாருக்கும் உரிய மரியாதையை வேதாகமம் கேட்கிறது. ஆனால் ஒருவருக்கும் முழு அதிகாரம் கொடுக்கவில்லை. எபிரெய மருத்துவச்சிகள் பார்வோன் சொன்னபடி குழந்தைகளைக் கொல்லவில்லை (யாத்திராகமம் 1:17). அப்போஸ்தலர் 5:29இல் பேதுரு, மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார்.

மறுக்க வேண்டிய இடத்தில் எப்படி மறுப்பது என்று தானியேல் 1 காட்டுகிறது. பாபிலோன் ராஜாவின் உணவால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று நினைத்த தானியேல் தட்டைத் தள்ளிவிடவில்லை. மேலதிகாரியிடம் பணிவாகக் கேட்டான். பிறகு தன்னைக் கவனித்துக்கொண்ட விசாரணைக்காரனிடம், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று யாருக்கும் ஆபத்து வராத வழியைச் சொன்னான். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்கிற மேற்பார்வையாளரிடம், "சார், இந்த எண்ணை என்னால் எழுத முடியாது, உண்மை எண்ணை எழுதி, ஏன் குறைந்தது என்று கீழே விளக்கம் போட்டுத் தருகிறேன்" என்று சொல்வது அந்த வழி.

ஒன்றை ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனிடம் "கீழ்ப்படிந்து போம்மா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது கிறிஸ்தவ ஆலோசனை ஆகாது. எபேசியர் 5:25 கணவனுக்குச் சொல்வது, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும் என்று. அவனுடைய கைக்கு அங்கே உரிமை எதுவும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் முதல் காரியம் பத்திரமான இடம். 15999 என்ற தாலியான் காசே (Talian Kasih) அரசாங்க உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அதேபோல, "நான் தேவமனிதன், நான் சொன்னால் செய்ய வேண்டும்" என்று உங்கள் சம்பளத்தையோ, கல்யாணத்தையோ, ரகசியத்தையோ கேட்கிற எவருக்கும் வேதாகமத்தில் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது. வசனத்தைக் காட்டச் சொல்லுங்கள், இன்னொரு மூப்பரிடம் கேளுங்கள், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான மேய்ப்பர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

விழுந்தால்

விழுவோம். அதற்கு வழி வேதாகமத்திலேயே இருக்கிறது, அதில் பணக் கணக்கும் இருக்கிறது. லேவியராகமம் 6:1-5இல், ஏமாற்றி வாங்கினவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். நூறு வெள்ளி என்றால் நூற்று இருபது. வரி வசூலிக்கிற சகேயு தானாகவே நாலத்தனை என்றான் (லூக்கா 19:8). இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவன் பணப்பையைத் திறந்தான் என்பதையும் கவனியுங்கள்; வரிசை இங்கேயும் அதேதான். இன்று நமக்கு இந்த விகிதம் சட்டமாக இல்லை. ஆனால் 'ஆண்டவரே மன்னியும்' என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பணத்தை வைத்துக்கொள்வது மனந்திரும்புதலில் சேராது என்பதை இந்தக் கணக்கு விட்டுக்கொடுக்காமல் சொல்கிறது.

மத்தேயு 5:23-24இல் இன்னும் கூர்மை. காணிக்கையோடு பலிபீடத்தண்டை நிற்கும்போது, சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போ என்கிறார் இயேசு. அந்தச் சகோதரனுக்கு நம்மேல் குறை இருந்தாலே போதும். யார் தொடங்கினது என்ற விசாரணை அங்கே இல்லை.

போய் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் போகாமல் இருக்கிறார்கள். மளிகைக் கடையில் எட்டு மாதமாகக் கடன் நிற்கிறது, அந்தப் பக்கம் போகாமல் சுற்றுப் பாதையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள், மத்தியானம் இரண்டு மணி வாக்கில். கையில் முழுப் பணம் சேரும்வரை காத்திருக்காதீர்கள். "அண்ணே, எட்டு மாசமா தராம இருந்தது தப்பு. முந்நூற்று நாற்பது இருக்கு. இன்னிக்கு ஐம்பது கொண்டு வந்திருக்கேன். மாசா மாசம் அஞ்சாம் தேதி ஐம்பது தர்றேன், முடிஞ்சா கூடவே தர்றேன்." சம்பளம் லேட், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காரணம் அடுக்க வேண்டாம், அவர் கேட்டால் சொல்லலாம். அவர் இரண்டு வார்த்தை கோபமாகப் பேசினால் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பதை அவர் நோட்டில் கழித்து எழுதுவதைப் பார்த்துவிட்டு, உங்கள் நோட்டிலும் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஐந்தாம் தேதிக்கு இன்றைக்கே அலாரம் வைத்துவிடுங்கள்.